இடம் சாரின் நாற்பது சதவீதம்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குப் பெயர் 'இடம் சார்'. சம்பளச் சீட்டில் நீளமாக ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. நோயாளிப் பதிவு, ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை பில், எக்ஸ்ரே படங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் உண்டு. எல்லாம் கீழ்த்தளத்தில், பல் கிட்டுகிற குளிரில் உறுமிக்கொண்டிருக்கும் சர்வர்களில்தான் குடியிருந்தன. எது எந்த சர்வரில் இருப்பது, அதற்கு எவ்வளவு இடம், அடுத்த வருஷம் கூட்டம் கூடினால் தாங்குமா, புது சர்வர் எப்போது வாங்குவது என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர் வேலை.

யாருக்குப் புதிதாக ஏதாவது ஓட்ட வேண்டுமென்றாலும் அவர் மேஜைக்குத்தான் வர வேண்டும். "சார், கொஞ்சம் இடம் கொடுங்க சார்" என்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரையைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் யாரையும் அனுப்பியதில்லை. கொஞ்சம் கெஞ்ச விடாமலும் அனுப்பியதில்லை. அந்தக் கெஞ்சல்தான் அவருக்கு அந்த வேலையில் கிடைத்த ருசி.

வீட்டில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. மனைவி, அவர், மனைவியின் அப்பா என்று மூன்று பேர். மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகளோடு இடம் சார் வீட்டிலேயே இருந்தார். யாராவது வந்து "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று கேட்டால் மாமனார் கையை விரித்து, "ஏதோ கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்காரு" என்பார். இடம் சார் பலமுறை விளக்கப் பார்த்தார். விளக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் மாமனாருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இந்த நிலையில்தான் மச்சினிக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவன் இவரைவிடப் பத்து வயது இளையவன். அவனும் கம்ப்யூட்டர்காரன். உயரம், சிரித்த முகம், எதிரே இருப்பவர் பேசினால் காது கொடுத்துக் கேட்கிற குணம். கல்யாணமான சில மாதங்களில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி இவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை சொல்லுங்களேன். என் தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியல."

"அங்க இப்ப ஆள் எடுக்கறதில்ல."

"போன வாரம்தானே ஆள் தேடறாங்கன்னு சொன்னீங்க?"

மாட்டிக்கொண்டார். மறுநாள் பிரிவின் தலைவியான மேடத்திடம் போய்ச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதுதான் விஷயம். "நல்ல பையன்தான் மேடம். என்ன, கொஞ்சம் அவசரக்காரன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே காரியம் கெட்டுவிடும் என்று நம்பினார்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "அவசரக்காரனா? அனுப்புங்க. இங்க எல்லாரும் ஆற அமர வேலை பார்த்தே என் தலை நரைச்சுப் போச்சு."

அடுத்த மாதமே சின்ன மாப்பிள்ளை இவருக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

அதுவரை இடம் சார் எல்லாவற்றையும் எக்செல் அட்டவணைகளில் தானே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த வருஷம் மேடம் அதற்கென்று தனியாக ஒரு திட்டமிடும் மென்பொருளை வாங்கினார். ஒவ்வொரு சர்வரிலும் அது ஒரு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். எந்த நேரத்தில் யார் எவ்வளவு வேலை வாங்குகிறார்கள் என்று பதிந்துகொள்ளும். சர்வர்களில் ஓடுகிற நூற்றுக்கணக்கான சில்லறை வேலைகளை இது பதிவுக்குச் சொந்தம், இது எக்ஸ்ரேக்குச் சொந்தம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் போதும். இனி ஒவ்வொன்றும் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வளரும் என்று சொன்னால், எந்த மாதம் எந்த சர்வர் மூச்சுத் திணறும் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். தாராளமாக இருந்தால் பச்சை, இறுக்கமாக இருந்தால் மஞ்சள், தாங்காது என்றால் சிவப்பு.

சின்ன மாப்பிள்ளைக்குப் பழைய கம்பெனியிலேயே அந்த மென்பொருள் பழக்கம். இவருக்கு அவன் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதையும் அவன் குத்திக் காட்டுகிற மாதிரி செய்திருந்தால் இவருக்கு வசதியாக இருந்திருக்கும். "இங்க ஒரு தடவை அழுத்துங்கண்ணா... ஆங், அவ்வளவுதான், உங்களுக்குத் தெரியாததா" என்று பூப்போலச் சொன்னான். ஒவ்வொரு 'அண்ணா'வும் இவர் காதில் சூடாக விழுந்தது. வாய் "சரி தம்பி, நீங்க சொல்லுங்க" என்றது. மனசு, 'வந்துட்டான் பெரிய இவன்' என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் இவர் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தது. மாமனார் வழக்கம்போல, "ரெண்டு பேரும் அங்க அப்படி என்னதான் பண்றீங்க?" என்றார். இடம் சார் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத் தொடங்குவதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான்.

"மாமா, நீங்க ஓட்டின ரூட்ல எந்த பஸ் எந்த நேரத்துல நிரம்பும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம? காலைல ஸ்கூல் நேரத்துல கால் வைக்க இடம் இருக்காது. பதினோரு மணிக்கு ஈ ஓட்டிக்கிட்டுப் போவோம்."

"அதைப் பார்த்துதானே டிப்போவுல எந்த ரூட்டுக்கு எத்தனை பஸ் விடணும்னு முடிவு பண்ணுவாங்க? அதுதான் மாமா எங்க வேலை. பஸ்ஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர்."

மாமனார் கையிலிருந்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "அட! டைம்கீப்பர் வேலையா? இத்தனை வருஷமா மூத்த மாப்பிள்ளை இதையா பண்ணிக்கிட்டிருக்காரு? ஒரு நாள்கூட எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்லையே!"

அன்று சாயங்காலம் வரை மாமனாரும் சின்னவனும் பஸ் ரூட் பேசினார்கள். மாமனார் இவர் வீட்டில் இருக்கிறார், இவர் வாங்கிக் கொடுத்த கட்டிலில் படுக்கிறார், காய்ச்சல் வந்தால் இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஆனால் சிரிப்பு முழுக்க அவனுக்கு. இடம் சார் அடுக்களையில் போய் நின்றுகொண்டு, கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினார்.

"என்ன, மூஞ்சி உம்முன்னு இருக்கு?" என்றாள் மனைவி.

"தலைவலி."

"தலைவலியா, வயித்தெரிச்சலா?" என்று அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஊரின் மறுகோடியில் ஒரு சின்னக் கிளை திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்காக ஒரே ஒரு புது சர்வர் வாங்க அனுமதி கிடைத்தது. நல்ல பலமான சர்வர். நோயாளிப் பதிவு இடம் சாரின் பொறுப்பு. எக்ஸ்ரே படங்கள் சின்னவனின் பொறுப்பு. புது சர்வரில் யாரை ஏற்றுவது?

சின்னவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணா, உங்க பதிவுக்குக் கூட்டம் காலைல ஏழுலேருந்து ஒன்பது. டாக்டர் பார்த்து அனுப்பின பிறகுதான் எக்ஸ்ரேக்கு ஆள் வருவாங்க, பதினொண்ணு ஆயிடும். ரெண்டு கூட்டமும் ஒண்ணோட ஒண்ணு முட்டாது. ஒரே மெஷின்ல ரெண்டையும் வைக்கலாம்ணா. எக்ஸ்ரேயோட பழைய மெஷின் ரெண்டையும் வேற வேலைக்கு விட்டுடலாம்."

அருமையான யோசனை. அதுதான் இவரைச் சுட்டது. காலை ஏழு மணிக் கூட்டம் இவர் பல வருஷம் கண்ணால் பார்த்த கூட்டம். எக்ஸ்ரே அறையின் பதினொரு மணி நெரிசலும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க இவருக்குத் தோன்றவில்லை. நேற்று வந்தவனுக்குத் தோன்றிவிட்டது.

"பார்க்கலாம் தம்பி. நான் என் நம்பரைப் போட்டுப் பார்த்துச் சொல்றேன்."

சின்னவன் டீ குடிக்கப் போன நேரத்தில் இவர் மென்பொருளைத் திறந்தார். பதிவு வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் வளர்ந்துகொண்டிருந்தது. புதுக் கிளை சின்னது. அதையும் சேர்த்தாலும் பன்னிரண்டைத் தாண்டாது. பன்னிரண்டு என்று போட்டார். இரண்டும் ஒரே சர்வரில், பச்சை. அழித்துவிட்டு இருபது என்று போட்டார். அப்போதும் பச்சை. முப்பது. மஞ்சள். நாற்பது என்று தட்டியதும் கோடு சடாரென்று மேலே ஏறிச் சிவந்தது. ஒரே சர்வரில் இரண்டும் தாங்காது என்று அது சொல்லிவிட்டது. அது என்ன செய்யும் பாவம், கொடுத்ததை வைத்துத்தானே சொல்லும். 'ஒரு பாதுகாப்புக்குத்தான், கூட்டம் திடீர்னு கூடிட்டா யார் பதில் சொல்றது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. ஆனாலும் சேமித்தார்.

மேடம் அறையில் கூடிப் பேசியபோது சின்னவன் திரையைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

"நாற்பதாண்ணா?"

"புதுக் கிளை வருதில்ல. ஜனம் எப்படி வரும்னு யாருக்குத் தெரியும்?"

சின்னவன் தன் குறிப்பேட்டை மூடினான். "ஆமா. அது உங்களுக்குத்தான் தெரியும்."

மேடமும், "பதிவு விஷயத்துல இடம் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். புது சர்வர் முழுவதும் பதிவுக்கு. எக்ஸ்ரே, கிளையில் வரப்போகிற புது ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டு, பழைய சர்வர்கள் இரண்டிலேயே இருக்க வேண்டியது. "மஞ்சள்ல இருக்கு மேடம், கொஞ்சம் இறுக்கம்தான்" என்று சின்னவன் சொல்லி வைத்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளை திறந்தது. அந்த வாரமே எக்ஸ்ரே படங்கள் ஊர ஆரம்பித்தன. டாக்டர் படத்தைக் கேட்டால் திரையில் ஒரு பட்டை வரும், நிற்கும், இன்னொரு பட்டை வரும். எலும்பு டாக்டர் ஒருவர் பொறுமை இழந்து, அறுவைச் சிகிச்சை அறையின் பச்சை உடுப்போடே மாடிப்படி இறங்கி கம்ப்யூட்டர் பிரிவுக்குள் வந்துவிட்டார். "நோயாளியைப் படுக்க வெச்சுட்டு நான் படத்துக்காக வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" என்று கத்தினார். அவர் போனதும் மேடம் சின்னவனை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"மஞ்சள்னு சொன்னீங்க. இதுதான் உங்க ஊர்ல மஞ்சளா?"

"ஸ்கேன் படங்க இவ்வளவு பெருசா வரும்னு நினைக்கல. என் கணிப்பு தப்பு மேடம்" என்றான் சின்னவன். சிரித்த முகம் சுண்டிப்போயிருந்தது.

இடம் சார் தன் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். உள்ளுக்குள் இனித்தது. மறைத்துச் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. மச்சினியின் கல்யாண நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. வீட்டுக்கு வருகிற வழியில் வாய்க்குள் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார்.

வீட்டு வாசலிலேயே அந்த இனிப்பு போயிற்று. மச்சினி போனில் அழுதிருக்கிறாள்; அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறானாம். மாமனார் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார்.

"சின்ன மாப்பிள்ளை மனசு ஒடிஞ்சு போயிருக்காரு. நான் போய் ஒரு ரெண்டு நாள் அவரோட இருந்துட்டு வர்றேன்" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க? நீங்க கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?" என்றார்.

இவருக்கு வேலையில் எத்தனையோ முறை திட்டு விழுந்திருக்கிறது. ஒரு முறையாவது மாமனார் செருப்பு மாட்டியதுண்டா? அவன் ஜெயித்தாலும் அவனைத்தான் கொண்டாடுகிறார்கள், தோற்றாலும் அவனைத்தான் தாங்குகிறார்கள். அவன் வாங்கிய திட்டைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட வேண்டிய கதி வந்துவிட்டதே என்று நினைத்தபோது அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

மறுநாள் எக்ஸ்ரே அறைப் பக்கம் ஒரு வேலையாகப் போனார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு சின்னப் பெண் வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தாள். படம் எடுத்து முடித்தாயிற்று. அது டாக்டரின் திரைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். உள்ளேயிருந்து எக்ஸ்ரே எடுப்பவர் தலையை நீட்டினார்.

"என்ன இடம் சார், உங்க ஆளுங்க எங்களைக் கொல்றாங்களே. இந்தக் குழந்தை எவ்வளவு நேரமா உக்காந்திருக்கு பாருங்க."

"உங்க ஆளுங்க" என்ற வார்த்தைக்கு அவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வந்து மென்பொருளைத் திறந்தார். தன் புது சர்வர் பச்சைப் பசேலென்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பதிவு பழைய வேகத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே எக்ஸ்ரே சர்வர்கள் இரண்டும் ரத்தச் சிவப்பு. அந்தப் பக்கத்தைத் திறக்கிற யாருக்கும் இது ஒரே பார்வையில் தெரியும். சின்னவன் தினமும் திறக்கிறவன். அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவரால் மத்தியானம் வரை உட்கார முடியவில்லை. அடுத்த மேஜைக்குத் திரும்பினார்.

"உன் எக்ஸ்ரேயை என் மெஷினுக்கு மாத்திடு. நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே."

இத்தனை நாள் 'நீங்க' என்றவர் 'நீ' என்கிறாரே என்று சின்னவன் பார்த்தான். "நாற்பது...?"

"நாற்பதெல்லாம் இல்ல. பன்னிரண்டு."

"தெரியும்ணா."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. மேடம் ரூம்லயே."

"தெரிஞ்சும் ஏன்டா திட்டு வாங்கிக்கிட்டு நின்னே?"

சின்னவன் கீபோர்டின் ஓரத்தை விரலால் தேய்த்தான். "என்னை இங்க சொல்லிவிட்டது நீங்கண்ணா. நான் வேலையில்லாம இருந்தப்ப எவ்வளவோ பேர் கைவிரிச்சாங்க. நீங்க மட்டும்தான் சொன்னீங்க. மேடம் முன்னாடி உங்க நம்பர் பொய்னு நான் சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சாப்பிட உக்காருவேன்?"

'கொஞ்சம் அவசரக்காரன்' என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை இவனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கடைசிவரை சொல்லவுமில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு வந்தது மறுபடியும் எரிச்சல்தான். நல்லவனாக இருப்பதிலும் இவன் முந்திக்கொண்டானே! அதற்கு மேல் உட்கார்ந்திருந்தால் தன்னைத் தானே அறைந்துகொள்வோம் என்று பட, எழுந்து நேராக மேடத்தின் அறைக்குள் போனார்.

"மேடம், பதிவுக்கு நான் போட்ட நாற்பது தப்பு. அதனாலதான் எக்ஸ்ரே பழைய மெஷின்ல மாட்டிக்கிச்சு. அவன் பேர்ல தப்பு இல்ல."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "தெரியாம போட்டீங்களா, வேணும்னு போட்டீங்களா?"

பூசி மெழுக ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. "வேணும்னுதான்" என்றார்.

"எதுக்கு?"

"அவன் பக்கத்துல இருக்கப் பிடிக்கல மேடம்."

மேடம் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷத்துல உங்க நம்பரை நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்ல" என்றார். பிறகு முடிவைச் சொன்னார். திட்டமிடும் பொறுப்பு இனி சின்னவனுக்கு. பதிவு இவரிடமே இருக்கலாம். ஆனால் இவர் போடுகிற ஒவ்வொரு எண்ணையும் சின்னவன் பார்த்துச் சரி என்ற பிறகே மேலே வர வேண்டும்.

அன்று சாயங்காலமே எக்ஸ்ரேயை மாற்றினார்கள். இருவரும் குளிர் அறையில் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மறுநாள் காலையில் பதிவு ஓடியது, பதினொரு மணிக்கு எக்ஸ்ரே ஓடியது. எங்கும் சிவப்பு இல்லை. எலும்பு டாக்டர் கீழே இறங்கி வரவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தார். "தலைவலின்னு டம்ளர் கழுவினப்பவே எனக்குத் தெரியும், ஏதோ பண்ணப் போறீங்கன்னு" என்றாள். மாமனாருக்கு அவள் சொல்லவில்லை. சின்னவனும் சொல்லவில்லை.

பிறகு வந்த மாதங்கள் இடம் சாருக்குச் சுலபமாக இல்லை. ஒவ்வொரு எண்ணையும் எடுத்துக்கொண்டு அவன் மேஜைக்கு நடக்க வேண்டும். அவன் எழுந்து நின்று வாங்குவான். அதுவும் குத்தும். அவனுக்குச் சம்பளம் கூடியது, மாடியில் தனி அறை கிடைத்தது. மாமனார் அந்த அறையைப் பார்க்கவென்றே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, திரும்பிப் போகும் வரை ஜன்னலைப் புகழ்ந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்து, பையை வைத்த கையோடு சிரித்தாள்.

"உங்க சகலை வீட்டுல ஒரே புலம்பலாம்."

"என்னவாம் துரைக்கு? தனி ரூம் போதலையா?"

"உங்களைப் பத்தித்தான். ஆஸ்பத்திரில யாருக்கு என்ன வேணும்னாலும் உங்களைத்தான் தேடிக்கிட்டு வர்றாங்களாம். நர்சுங்க, டாக்டருங்க எல்லாரும். பொறுப்புல இருக்கறது அவராம், ஆனா அவர் ரூம் கதவை ஒருத்தரும் தட்டறதில்லையாம். போன வாரம் அந்த எலும்பு டாக்டர் லிஃப்டுல அவரைப் பார்த்து, 'தம்பி, இடம் சார் எங்க?'ன்னு கேட்டாராம். அன்னைக்கு ராத்திரி பூரா அதையே சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போயிட்டாராம். 'பத்து வருஷம் போனாலும் நான் அவரோட சகலைதான் அங்க'ன்னு சொன்னாராம்."

இடம் சார் கையிலிருந்த செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அவனா? அவனா இப்படிச் சொன்னான்?"

"என் தங்கச்சி பொய் சொல்வாளா?"

"லிஃப்டுல என்ன கேட்டாராம் டாக்டர்?"

அவள் மறுபடி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு இவன் என்ன பதில் சொன்னானாம்?" என்று கேட்டு, அதையும் சொல்ல வைத்தார். சாப்பிடும்போது மூன்றாவது முறை கேட்டபோது அவள் கரண்டியை ஓங்கினாள். அன்று அவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, படுத்ததும் குறட்டை விட்டார்.

மறுநாள் காலையில் எண்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். சின்னவன் வழக்கம்போல எழுந்து நின்றான். இவர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எலும்பு டாக்டரைப் பார்க்கப் போறேன், நீயும் வா. அவருக்கு ஏதோ புதுசா ஓட்டணுமாம். எவ்வளவு இடம்னு இனிமே உன்னைக் கேக்கச் சொல்றேன்" என்றார். கொஞ்சம் பெருந்தன்மை, கொஞ்சம் பீற்றல், இரண்டும் அதில் கலந்திருந்தன. சின்னவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்; ஆனாலும் உடனே சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வேலை முடிந்து வந்ததும் மாமனார் முதலில் சின்னவனை விசாரித்தால் இவர் முகம் இன்றைக்கும் சுருங்கும். ஆனால் அங்கேயும் ஒருவன் இதே மாதிரி புழுங்கிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வந்தால் போதும், மனசு லேசாகிவிடும். இருவரும் இப்போது ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறார்கள். யார் ஓட்டுவது என்பதில் மட்டும் தினமும் தகராறு.